மில் நிலம், நிலுவை, வேலை: புதுச்சேரியில் எது திரும்பும், எது திரும்பாது?

நெல்லித்தோப்பு வாசகர்

ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30-இல் சட்டப்படி மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்கள் இரண்டிலும் சங்கு ஊதி வருஷங்களாகிறது. திருபுவனை கூட்டுறவு நூற்பாலையும் லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலையும் ஓடவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் "மில்லைத் திறப்போம்" என்ற வாக்குறுதி வருகிறது. முதலியார்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் அதை நம்பிக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இங்கே நூற்பு, தறி, தையல், பி.எஃப்., கடன் என்று துறை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மூன்று விஷயத்துக்குப் பதில் வேண்டும். பழைய மில்லை மறுபடி ஓட்ட முடியுமா? வேலை இழந்தவர்களுக்குச் சட்டப்படி இன்னும் என்ன வரவேண்டும்? அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரிலேயே வேலை வர எது உண்மையில் நடக்கக்கூடியது? தயவுசெய்து கோஷம் வேண்டாம், கணக்கு வேண்டும்.

கதிர் நூல்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பழைய இயந்திரத்தோடு ஓட்ட முடியாது.

நூற்பில் ஆரம்பிப்போம். 40-ஆம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 25 முறுக்கு வேண்டும். இன்றைய ரிங் ஃபிரேமில் (நூற்கும் இயந்திரம்) கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று. 18,000-ஐ 25.3-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 711 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 20 கெஜம் நூல். எட்டு மணி நேர ஷிப்டில், 95 சதவீதத் திறனில், ஒரு கதிருக்குச் சுமார் 122 கிராம். கதிர் 10,000 சுற்றில் ஓடும் பழைய ஃபிரேமில், 90 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும், 64 கிராம்தான். பஞ்சு விலை இருவருக்கும் ஒன்று. கூலி, மின்சாரம், மேற்பார்வை எல்லாம் பாதி நூலின் தலையில் ஏறுகிறது.

தறி இன்னும் மோசம். அங்குலத்துக்கு 60 ஊடு (குறுக்கு இழை) உள்ள சாதாத் துணி. நாடா ஓடும் சாதாத் தறி நிமிடத்துக்கு 150 ஊடு போடும். 80 சதவீதத் திறனில் மணிக்கு 3 மீட்டர். காற்றால் ஊடு செலுத்தும் ஏர்ஜெட் தறி 800 ஊடு, 90 சதவீதம், மணிக்கு 18 மீட்டர். ஒரு தறிக்காரர் சாதாத் தறி ஆறைப் பார்த்துக்கொண்டு ஷிப்டில் இறக்கும் துணியை ஒரே ஏர்ஜெட் இறக்கிவிடும். அந்த ஏர்ஜெட் போல பத்துக்கு மேல் ஒருவரே பார்க்கிறார்.

நின்ற இயந்திரம் நின்ற இடத்தில் அப்படியே இருக்காது என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மில் ஓடும்போது கடலோர ஈரப்பதம் லாபம். ஸ்பின்னிங்கில் 55 முதல் 60 சதவீதம், தறியில் 75-க்கு மேல் வேண்டும், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளான்டுக்குச் சுமை குறையும். நின்றுவிட்டால் அதே உப்புக் காற்று எதிரி. ரிங்கின் உள்விளிம்பில், டிராவலர் (நூல் நுழையும் சின்ன உலோகக் கொக்கி) ஓடும் அந்தக் கண்ணாடி மாதிரித் தடத்தில், சில வாரத்தில் செம்புள்ளி விழும். துடைத்தாலும் குழி நிற்கும். குழி இருந்தால் டிராவலர் பறக்கும், நூல் அறும். பஞ்சைச் சீவும் கார்டிங் கம்பி முனை துருப்பிடித்தால் சிலிண்டர் முழுக்கப் புதுக்கம்பி சுற்றவேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஷெட் கூரை போய் மழை இறங்கிய இடங்களை நினைத்துப் பாருங்கள்.

சிவப்புத்துண்டு

கதிர் நூல் சார், உங்கள் எண்கள் சரி. ஆனால் அந்த எண்ணை வைத்து "தொழிலாளி உற்பத்தி குறைவு, அதனால் மூடினோம்" என்று சொல்லும் வாதத்துக்குக் கை கொடுக்காதீர்கள். 10,000 சுற்றில் ஓடும் ஃபிரேமை 18,000-க்கு மாற்றாமல் விட்டது ஃபிரேம் பார்க்கும் சைடரா, ஆள் வராத நாளில் வரும் பதிலித் தொழிலாளியா? தேய்மானத்துக்கு ஆண்டுதோறும் எடுத்து வைத்து அதில் புது இயந்திரம் வாங்குவதுதான் எந்த மில்லிலும் நடைமுறை. அரசு மில்லில் அரசு மானியம் சம்பளத்துக்கு மட்டுமே வந்தது. சம்பளத்துக்கு மட்டும் பணம் போடும் மில் மெதுவாக மூடப்படும் மில்தான்.

கதிர் நூல்

தோழர், முழுக்க ஏற்கிறேன். பழியைத் தொழிலாளி மேல் போடவில்லை. கான்வாஸ், படுக்கைத் துணி மாதிரிக் கனத்த துணியில் இருபது முப்பது நல்ல தறியும் ஒரு ஒழுங்கான பிராசசிங்கும் சரியான காலத்தில் வந்திருந்தால் ஒரு பகுதி பிழைத்திருக்கும். பஞ்சில் ஆரம்பித்து பிளீச்சிங் வரை எல்லாம் ஒரே மதிலுக்குள் என்ற காம்போசிட் மில் முறை நாடு முழுக்கவே சாய்ந்தது. மும்பை, அகமதாபாத், கான்பூர் எல்லாம் அதே கதைதான். பவானியிலும் சோமனூரிலும் சிதறிக் கிடந்த தறிகள் அதே துணியைக் குறைந்த செலவில் நெய்தன.

சவானா சாலை

ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது.

நம்ம ஊர்த் தொழில் எப்போதுமே ஒரு எல்லைக் கோட்டின் மேல், அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் இல்லாத சலுகையின் மேல், நின்ற தொழில். சவானா மில் (பின்னாளில் சுதேசி) 1820-களின் கடைசியில் எழுந்தபோது அதன் பெரிய சரக்கு அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி. 'கினே' என்று பெயர். செனகல் பக்கம் பணத்துக்குப் பதிலாகவே அது கைமாறியது. பிரெஞ்சுக் காலனியில் நெய்து இன்னொரு பிரெஞ்சுக் காலனிக்கு அனுப்புவதில் கிடைத்த தனி இடம்தான் மில்லின் உயிர். அடுத்து கப்ளே மில் (பின்னாளில் பாரதி) வந்தது, 1898-இல் ரோடியர் மில் (பின்னாளில் ஏ.எஃப்.டி.). 1954 நவம்பர் 1-இல் ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் அந்தச் சந்தைக் கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பின் இரண்டாவது கோடு. விற்பனை வரிச் சலுகை, மலிவான மின்சாரம், மூலதன மானியம். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் நிறைந்தது இதனால்தான். 2007-இல் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. வரி, பொருள் செய்யும் இடத்துக்கு இல்லை, வாங்கும் இடத்துக்கு என்றாகிவிட்டது. சலுகைக்காக வந்த கம்பெனி இங்கே இருக்கக் காரணம் தீர்ந்தது. இரண்டு முறையும் திறமை போகவில்லை, இயந்திரம் முதலில் போகவில்லை. கோடு போயிற்று, அதன் மேல் நின்றது சரிந்தது.

அதனால் "மூன்றாவதாக ஒரு சலுகை கொண்டு வா" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சலுகை இல்லாமலும் நிற்கக்கூடியது எது என்றுதான் பார்க்கவேண்டும். இந்த ஊர் அப்படி ஒன்றைச் செய்து காட்டியும் இருக்கிறது. 1936 ஜூலை 30-இல் 12 மில் தொழிலாளர் சுடப்பட்டு இறந்தார்கள், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அது யாரும் கொடுத்த சலுகை இல்லை.

கணக்குப்பிள்ளை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் கைக்கு எட்டும் பணம் இங்கேதான் இருக்கிறது. பாதிப் பேர் படிவத்தில் ஒரு எழுத்துப் பிழைக்காக அதை விட்டுவிடுகிறார்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): 2020-இல் வேலை முடிந்தவர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமே. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சர்வீஸ் ஆண்டால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 18,200 ரூபாய், 28 ஆண்டு: 18,200 × 15 ÷ 26 = 10,500; பெருக்கினால் 2,94,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும். உச்சவரம்பு 2018 மார்ச் 29 முதல் 20 லட்சம்.

பிசகும் இடம் லே-ஆப் காலம், அதாவது வேலை தராமல் பாதிச் சம்பளம் கொடுத்த காலம். மில் பல வருஷம் லே-ஆப்பில் கிடந்தது. சட்டப்படியான லே-ஆப் நாட்கள் கிராஜுவிட்டிக்கு வேலை செய்த நாட்களாகவே சேரும் என்று சட்டத்தின் 2-ஏ பிரிவு சொல்கிறது. கணக்குச் சீட்டில் அந்த ஆண்டுகள் விடுபட்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். இன்னொன்று, சட்டம் சொல்வது கடைசி "சம்பள விகிதம்". லே-ஆப்பில் வாங்கிய பாதித் தொகையை அடிப்படையாக எடுத்திருந்தால் அதையும் எதிர்க்கலாம். தர மறுத்தாலோ குறைத்துக் கொடுத்தாலோ தொழிலாளர் துறையில் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' படிவம். 90 நாள் கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதிச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தாமதத்துக்கு வட்டியும் கேளுங்கள்.

ஓய்வூதியம்: பி.எஃப்.-ஓடு சேர்ந்த இ.பி.எஸ். 95 ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ், 58 வயது. 50-க்கு மேல் முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் நிரந்தரமாகப் போகும். சூத்திரம்: ஓய்வூதியச் சம்பளம் × சர்வீஸ் ÷ 70. இங்கே மூன்று துண்டாகப் பார்க்கவேண்டும். 1995 நவம்பர் 16-க்கு முந்தைய சர்வீசுக்குத் தனி அட்டவணை. அதற்குப் பின் 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய் உச்சவரம்பு. 2014 செப்டம்பர் முதல் 15,000. நடுத்துண்டை மட்டும் பார்த்தால், 6,500 வாங்கியவருக்கு 19 ஆண்டு என்றால் 6,500 × 19 ÷ 70 = 1,764 ரூபாய். மற்ற இரண்டும் இதோடு சேரும். 20 ஆண்டு சர்வீஸ் முடித்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகக் கணக்கிடுவார்கள்.

2014 செப்டம்பருக்குப் பின் சராசரிச் சம்பளம் கடைசி 12 மாதத்துக்கு இல்லை, கடைசி 60 மாதத்துக்கு எடுக்கிறார்கள். லே-ஆப் காலம் பாஸ்புக்கில் எப்படி ஏறியிருக்கிறது என்பதுதான் அதனால் முக்கியம். பங்களிப்பு இல்லாத நாட்கள் தப்பாக அதிகம் ஏறியிருந்தால் சர்வீசே குறையும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு): குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வெளியேறியவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவம் தொடரும். இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் தனியாரிடம் கொட்டுபவர்கள் அதிகம்.

கோர்க்காடு

கணக்குப்பிள்ளை ஐயா, தொழிலாளி இறந்துபோயிருந்தால் மனைவிக்கு என்ன?

கணக்குப்பிள்ளை

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும்போது இறந்தவர் என்றால் அதில் பாதி, குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் மனைவிக்கு. 25 வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரை, விதவை ஓய்வூதியத்தில் கால் பங்கு ஆளுக்கு. வாங்க ஆரம்பிக்கும் முன்பே இறந்திருந்தாலும் உரிமை உண்டு, "அவரே வாங்கலையே" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 10-டி படிவம். இறப்புச் சான்று, மனைவி பெயரில் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. மில் ஆவணத்தில் "லட்சுமி", ஆதாரில் "இலக்குமி" என்பது போன்ற பெயர் வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். அதைச் செய்யாமல் 10-டி போட்டால் திரும்பி வரும்.

தையல் லைன்

மூன்றாவது கேள்வி. ஆயத்த ஆடை பற்றி எல்லோரும் எளிதாகப் பேசுகிறார்கள். "நூறு மெஷின் போட்டால் நூறு பேருக்கு வேலை." போடலாம். ஆறு மாதத்தில் ஏன் பூட்டுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

30 மெஷின் உள்ள ஒரு சட்டை லைன் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டைக்குத் தையல் நேரம் 20 நிமிடம் என்று வைப்போம். 30 பேர் × 480 நிமிடம் = 14,400 நிமிடம். நூறு சதவீதம் என்றால் 720 சட்டை. யாரும் நூறில் ஓடமாட்டார்கள். பழகிய லைன் 45 சதவீதம் ஓடினால் 324 சட்டை. புது ஆட்களை வைத்து ஆரம்பிக்கும் முதல் மூன்று மாதம் 25 சதவீதம் தொட்டாலே நல்லது, 180 சட்டை.

செலவுப் பக்கம்: 30 தையலர், 8 ஹெல்பர், ஆளுக்கு நாள் 500 என்று கணக்குக்காக வைத்தால் 19,000. வாடகை, மின்சாரம், நூல், ஊசி, மேஸ்திரி, பி.எஃப்., எல்லாம் 6,000. ஆக 25,000. 324 சட்டைக்கு வகுத்தால் சட்டைக்கு 77 ரூபாய். 180 சட்டைக்கு வகுத்தால் 139. ஜாப் ஒர்க் (துணியைக் கொடுத்துத் தையல் கூலி மட்டும் தருவது) கொடுப்பவர் 80 தருகிறார் என்றால் முதல் மூன்று மாதம் நாளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கையைவிட்டுப் போகிறது. 75 வேலை நாளுக்கு 8 லட்சம். இந்தப் பணத்தைக் கடன் திட்டத்தில் யாருமே எழுதுவதில்லை. மெஷின் விலை எழுதுவார்கள், நடைமுறை மூலதனம் ஒரு மாதச் சம்பளம் என்று எழுதுவார்கள். லைன் பழகும் முன்பே பணம் தீர்ந்துவிடும்.

சமாளிக்க வழி இருக்கிறது. முதல் மூன்று மாதம் முழுச் சட்டை எடுக்காதீர்கள். தலையணை உறை, துணிப்பை, பள்ளி யூனிபார்ம் பாவாடை என்று நேர்த்தையல் அதிகம் உள்ள சரக்கு எடுங்கள். காலரும் கஃப்பும்தான் புது ஆளைக் கவிழ்க்கும். காலர் முனையைத் திருப்பும்போது இரண்டு பக்கமும் ஒரே கூர்மை வரவேண்டும், பாயிண்ட் டர்னிங் பார்க்க ஒரு பழகிய கை இல்லாமல் அந்த லைனில் பண்டல் அங்கேயே குவியும். குவிந்த இடத்துக்குப் பின்னால் உள்ள பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கொரு முறை ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் எத்தனை பீஸ் காத்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். எங்கே குவிகிறதோ அங்கே இரண்டாவது ஆளைப் போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கும்போது கிளட்ச் மோட்டார் வேண்டாம். தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். சர்வோ மோட்டார், கால் வைத்தால் மட்டும் ஓடும்.

முள்ளோடை

தையல் லைன் மேடம் சொன்னதோடு எல்லைத் தொல்லையைச் சேர்க்கவேண்டும். சவானா சாலை சொன்ன கோடு இப்போது தலைகீழாக வேலை செய்கிறது.

பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். அதைவிடப் பெரிய சிக்கல்: மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். முத்தியால்பேட்டையில் தைத்த சட்டையைக் கோட்டக்குப்பம் கடைக்குப் போட்டால் அது வேறு மாநில விற்பனை. சைக்கிளில் போகும் தூரம். கடலூரில் தைப்பவர் விழுப்புரம் வரை விற்றாலும் 40 லட்சம் வரை பதிவே வேண்டாம்.

ஜாப் ஒர்க்குக்கு வெட்டிய துணியைக் கோடு தாண்டி அனுப்பினால் மதிப்பு 2,000 ரூபாய் என்றாலும் இ-வே பில் (சரக்கு அனுப்பும் மின்னணுச் சீட்டு) வேண்டும். வழக்கமான 50,000 ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது. டெலிவரி சலானில் அளவும் மதிப்பும் எழுதுங்கள். அனுப்பிய துணி ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். சின்ன யூனிட்டுகள் மாட்டுவது இங்கேதான். பதிவு எண் எடுத்துவிட்டு வேலை தொடங்குவதே நிம்மதி.

நெல்லித்தோப்பு வாசகர்

அப்போ கடன் வாங்கி ஆரம்பிக்க நினைக்கும் மில் வீட்டுப் பெண் எங்கே தொடங்கணும்? பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டம் என்கிறார்கள்.

கிளை மேலாளர் மேசை

உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை. 10 லட்சத்துக்கு மேல் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவார்கள்: சொந்தப் பணம் 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். 20 லட்சம் திட்டம், நகரம் என்றால் கையிலிருந்து 1 லட்சம், வங்கி 19 லட்சம், மானியம் 5 லட்சம். இடம் பாகூர் பக்கக் கிராமமாக இருந்தால் மானியம் 7 லட்சம். இது 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட திட்டம், விண்ணப்பிக்கும் முன் இணையதளத்தில் இப்போதைய நிலையைப் பாருங்கள்.

பலர் தப்பாகப் புரிந்துகொள்வது மானியத்தை. அது கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை. யூனிட் ஓடுகிறது என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். இடையில் மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும். "மானியத்தை வைத்துத் துணி வாங்கலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்குக் கிடையாது, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். திட்ட அறிக்கையில் தையல் லைன் மேடம் போட்ட அந்த 25 சதவீதக் கணக்கை அப்படியே எழுதுங்கள். முதல் மாதமே 80 சதவீதத் திறன் என்று எழுதிக்கொண்டு வரும் அறிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

உத்யம் பதிவை (குறு, சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) முதல் பில் போடும் முன்பே எடுத்துவிடுங்கள். இலவசம்தான். வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், குறு சிறு யூனிட்டுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் தன் வருமான வரியில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பல யூனிட்டுக்கு மார்ச்சில் பணம் வந்து சேர்வதற்கு இதுதான் காரணம். பில் தேதிக்குப் பிறகு உத்யம் எடுத்தால் பழைய பில்லுக்குச் செல்லாது.

சிப்காட் காற்று

கடலூரிலிருந்து. தையல் வரலாம், ஜவுளிப் பூங்கா வரலாம், ஆனால் சாயப் பட்டறையைக் கொண்டுவரும் பேச்சு வந்தால் புதுச்சேரிக்காரர்கள் கவனமாக இருங்கள். ஒரு கிலோ துணிக்குச் சாயமும் அலசலும் சேர்த்து 60 முதல் 100 லிட்டர் தண்ணீர் போகும். நாள் 5 டன் துணி என்றால் 5 லட்சம் லிட்டர் வரை. கடலோர நிலத்தடி நீரை அந்த அளவு இழுத்தால் உப்பு உள்ளே ஏறும். கடினத் தண்ணீரில் ரியாக்டிவ் சாயமும் சரியாகப் பிடிக்காது. கால்சியம் சோடா ஆஷோடு சேர்ந்து படிந்து துணியில் திட்டுத் திட்டாக விழும், மென்மையாக்கி வேண்டும், அதன் உப்புக் கழிவு இன்னொரு தலைவலி. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்பதை இந்த மாவட்டம் நாற்பது வருஷமாகப் பார்க்கிறது. வேலைக்காகக் குடிதண்ணீரைக் கொடுத்தால் வேலை போன பிறகு தண்ணீரும் இருக்காது.

இன்னொன்று, காப்பீடு. இந்தக் கரையில் புயலைக் கணக்கில் வைக்காமல் ஷெட் போடக்கூடாது. 40 லட்சம் மதிப்புள்ள கட்டடம், மெஷின், சரக்கை பிரீமியம் குறைக்க 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்துவிட்டு, புயலில் 10 லட்சம் நஷ்டமானால் 5 லட்சம்தான் கிடைக்கும். பாதி மதிப்புக்குக் காப்பீடு, அதனால் நஷ்டத்திலும் பாதி. மொத்தச் சொத்து 5 கோடிக்குள் இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி கேளுங்கள், 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தாலும் அதில் வெட்ட மாட்டார்கள். சரக்கு மதிப்பைத் தீபாவளிக்கு முந்தைய உச்ச அளவில் எழுதுங்கள். புயல் வருவதும் அந்த மாதங்களில்தான்.

தூண்கள்

மில் நிலம் பற்றி ஒரு பொறியாளர் பார்வை. நகரத்தின் நடுவில், ரயில் பாதையும் கடலூர் சாலையும் பக்கத்தில், இவ்வளவு பெரிய ஒரே துண்டு இனிக் கிடைக்காது. துண்டு துண்டாக விற்றுவிட்டால் முடிந்தது. என் யோசனை அடுக்கு மாடித் தொழிற்கூடம். ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் சதுர அடி, வாடகைக்கு மட்டும், விற்பனை கிடையாது.

இலகுரகத் தொழிலுக்குத் தளம் சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கினால் போதும். தையல், பேக்கிங், எலக்ட்ரானிக் அசெம்பிளி மேல் மாடியில் போகும். தறி கீழ்த்தளத்தில் மட்டுமே, அதிர்வு ஸ்லாபைப் பிளக்கும். சரக்கு லிப்ட் ஒன்று பழுதானால் முழுக் கட்டடமும் நிற்கும், அதனால் இரண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும் என்பது சட்டம். சின்ன யூனிட்டுக்குத் தனியாகக் கட்டுபடியாகாது. கட்டடத்துக்குப் பொதுவாக ஒன்று வைத்தால் பெண்கள் வேலைக்கு வருவது நிற்காது.

இடிக்கும் முன் இரண்டு வேலை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை உடைத்துத் தள்ளக்கூடாது. நனைத்து, போல்ட் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுக்கவேண்டும். டிரான்ஸ்பார்மர் மேடை, எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்து மண்ணைத் தனியாகச் சோதிக்கவேண்டும். வடக்குப் பார்த்த சாய்வுக் கண்ணாடிக் கூரை உள்ள ஷெட் ஒன்றாவது நல்ல நிலையில் இருந்தால் இடிக்காமல் தையல் பயிற்சிக் கூடமாக வைக்கலாம். நிழல் விழாத அந்த வெளிச்சம் நூல் நிறம் பார்க்கக் கட்டப்பட்டது, தைப்பவர் கண்ணுக்கும் அதுவே நல்லது.

சிவப்புத்துண்டு

ஏற்கலாம், ஒரு நிபந்தனையோடு. நிலத்திலிருந்து வரும் முதல் வாடகையோ முன்பணமோ நிலுவைக்குப் போகவேண்டும், அதற்குப் பிறகுதான் கட்டடம். வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தூண்கள்

சரி தோழர். அந்த வரிசைதான் நியாயம், செயல்முறையிலும் அதுவே எளிது. நிலுவை தீராத நிலத்தில் வழக்கு வரும், வழக்கு உள்ள நிலத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது.

கோர்க்காடு

கணக்குப்பிள்ளை ஐயா, மறுபடி தொந்தரவு. ஆன்லைனில் பி.எஃப். கேட்டால் "வெளியேறிய தேதி இல்லை" என்று நிற்கிறது. மில் அலுவலகத்தில் ஆள் இல்லை.

கணக்குப்பிள்ளை

மில் வேண்டியதில்லை. பி.எஃப். இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போட்டு உள்நுழைந்து, 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்சிட்' திறந்து, பழைய நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் தாண்டியிருந்தால் நீங்களே தேதி போடலாம். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு எண் வரும், அதைப் போட்டால் ஏறிவிடும். தேதியை ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள், ஏறிய பிறகு நீங்களாக மாற்ற முடியாது. கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள்தான் தேதி இருக்கவேண்டும். ஆதாரில் பழைய செல் எண் இருந்தால் முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றிவிட்டு வாருங்கள். பிறகு 58 ஆனவர் பி.எஃப். பணத்துக்கான படிவம் 19-ம் ஓய்வூதியத்துக்கான 10-டி-யும், 58 ஆகாமல் பத்து ஆண்டு முடித்தவர் 19-ம், ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு 10-சி-யும். பத்து ஆண்டு முடித்தவர் ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, அந்தச் சர்டிபிகேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 58-இல் அதைக் காட்டித்தான் வாங்கவேண்டும்.